புளியமரம் முளைத்த மஞ்சள் வண்டி

சென்னியப்பன் அந்த மஞ்சள் வண்டியைப் பார்க்கப் போன சமயம் அதில் புளியமரம் முளைத்து அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, ஆகவே பட்டறை வீதியில் யாருக்கும் அது ஒரு பேச்சாகவே இல்லை. வழி கேட்டவர்களிடம், "நேராப் போங்க, வெல்டிங் கடை தாண்டுனா புளியமரம் நிக்கும், அதுதான் சிக்கந்தர் பாய் பட்டறை" என்றார்கள். மரம் எதன்மேல் நிற்கிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டி திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவரின் மகனுடையது. இரண்டே சீட், மேல்மூடி மடங்கித் திறக்கிற வகை, ரேஸில் ஓடுகிற ஜாதி. தாராபுரம் ரோட்டில் ஒரு மத்தியானம் குறுக்கே வந்த எருமைக்கு ஒதுங்கப் போய், இடது முன்பக்கத்தைக் கொண்டுபோய் ரோட்டோரப் புளியமரத்தில் கொடுத்துவிட்டான். பையனுக்குத் தோள்பட்டை போயிற்று, வண்டிக்கு ஃபெண்டரும் பானட்டும் உள்ளே சேஸிஸில் ஒரு முழமும் போயிற்று, மரத்துக்குப் பட்டை உரிந்ததோடு சரி. ஆனால் அடுத்த மாதமே நாலு வழிச் சாலைக்காக அந்த மரத்தையும் அதன் வரிசையையும் அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

சிக்கந்தர் பாய் அடிபட்ட வண்டியைத் தட்டி நிமிர்த்தி, பள்ளம் நிரவும் பட்டி பூசி, தேய்த்து, மஞ்சள் அடித்துக் காயவைத்த மறுவாரம், ஃபெண்டருக்கும் பானட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் சிவந்த கொழுந்து ஒன்று எட்டிப் பார்த்தது. பட்டி மட்டம் என்றுதான் அவர் நினைத்தார். கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடி பூசினார். காலையில் இரண்டு கொழுந்து. பட்டி வாங்குகிற கடையை மாற்றினார், கொழுந்து கொத்தாக வந்தது. கடைசியாகக் கிள்ளியதை எறிய மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுபோக, அவர் சம்சாரம் அதைப் பருப்பில் போட்டுக் கடைந்து வைக்க, சாப்பிட்டு எழுந்தவர் அன்றோடு பட்டி பூசுவதை நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் வீதி பழகிக்கொண்டது. மசக்கைக்காரிகள் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் வந்து கொழுந்து கேட்டார்கள், வெல்டிங் கடைக்காரர் சோற்றுப் போசியை அதன் கிளையில் மாட்டினார், மயிலாத்தாள் தன் டீக்கடை பெஞ்சுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி நிழலுக்குள் கொண்டுவந்து சேர்த்தாள், சாவி போடுகிறவர், சீட் தைக்கிறவர், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் எல்லாரும் வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்கினார்கள். ஒரே ஒரு தகராறுதான் வந்தது. புளியமரத்தடியில் பொழுது சாய்ந்தபின் படுக்கலாமா என்று பட்டறைக் காவல்காரர் கேட்டார். வீதி உட்கார்ந்து பேசியது. நம்பர் பிளேட் இருக்கிற எதையும் முழு மரம் என்று சொல்ல முடியாது, ஆகவே அது பகலில் மரம், இருட்டினால் வண்டி, படுக்கலாம் என்று தீர்ப்பானது. காவல்காரர் நன்றாகவே தூங்கினார்.

பிறகு குப்பண்ணன் வந்தார். அவர் ரோட்டோரப் புளியமரங்களின் மகசூலை வருஷா வருஷம் அரசாங்கத்திடம் ஏலம் எடுக்கிறவர். அந்த மஞ்சள் பெயிண்டுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை, நெடுஞ்சாலைக்காரர்கள் மரத்தில் அடிப்பார்களே அந்தப் பட்டை, மெல்ல மேலே ஏறி வந்து, அதற்குள் கறுப்பில் மரத்தின் நம்பரும் தெளிந்த அன்று, காற்றுவாக்கில் சேதி கேட்டு மொபெட்டில் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்.

"இது என்ர மரமுங்க. வெட்டறதுக்கு முன்னாலயே ஏலம் எடுத்தது. வண்டி எவனுதோ ஆகட்டும், காய் என்னுது" என்றார்.

அதில் அநியாயம் இருப்பதாக யாருக்கும் படவில்லை. தினமும் வந்து சாக்கை விரித்து உட்கார்ந்தார், மயிலாத்தாளுக்கு ஒரு டீ கூடுதலாக ஓடியது. ஆனால் மரம் பூக்கவில்லை. இலையும் வெளிறத் தொடங்கியது. மரமென்றால் மண் கேட்கும் என்று வீதி முடிவு கட்டி, சக்கரங்களைக் கழற்றி, வண்டியைச் செங்கல் அடுக்கில் ஏற்றி, சுற்றிலும் செம்மண் கொட்டி மேடை கட்டி, சாணி கரைத்து ஊற்றி, முறை வைத்துத் தண்ணீர் விட்டது. தண்ணீர் விட விட இலை இன்னும் வெளிறியது, விட்டவர்கள் இன்னும் கூட விட்டார்கள்.

இத்தனை ஆனபிறகு வண்டியை விற்க அவர்களுக்கு எங்கே மனசு வரும்? திருப்பூர்க்காரரோ, அந்த வண்டி கண்ணிலேயே படக்கூடாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். வாங்க ஆளும் அனுப்பினார். வருகிற ஒவ்வொருவரையும் வீதி மரியாதையாக உட்கார வைத்து, டீ கொடுத்து, வண்டியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லித் துரத்திவிட்டது.

சென்னியப்பன் வந்தது இந்த நிலவரத்தில்தான்.

அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் தாராபுரம் ரோட்டில் அறுபதுக்கு மேல் போகாதபடி பூட்டு வைத்த பஸ்ஸை ஓட்டியவர். அறுபதைத் தொட்டதும் வண்டி முக்கும், கால் தானாக எழும்பும், அப்படியே பழகிப்போன கால். மச்சினன் காரை பைபாஸில் ஓட்டிப் பார்த்தபோதும் மீட்டரில் அறுபது தெரிந்த நொடி கால் எழும்பிவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே கொன்றார்கள். "என்ன பண்றது, கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று மச்சினனிடம் சொல்லிச் சிரித்தாலும், அவருக்கு உள்ளுக்குள் அவமானமாக இருந்தது.

இப்போது கண்ணும் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம், கீழ்ப்பக்கப் பார்வை மங்கிவிட்டது, நேரே பார்த்தால் ரோடு பளிச்சென்று தெரியும், குனியாமல் தட்டில் இருக்கிற பொரியல் தெரியாது. தீபாவளியோடு லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, பொரியலைத் தட்டின் மேல்பக்கத்துக்குத் தள்ளிவைத்த தெய்வானையிடம், "ஒரு வண்டி எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு வேகம் ஒருக்காப் போயிப் பாக்கோணும் புள்ள. அதோட போதும்" என்றார். தெய்வானை, புருஷன் ஓட்டும் பஸ்ஸிலேயே முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வருகிறவள், வெகுநேரம் யோசித்து, "சரிங் மாமா, பாக்கலாம். ஆனா நானும் வருவேன்" என்றாள்.

புது வண்டி வாங்க வசதி இல்லை. அடிபட்ட வண்டியென்றால் எட்டும். அடிபட்ட வண்டியைப் பார்த்து வாங்குவது எப்படி என்று டெப்போ மெக்கானிக்குகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெய்வானை பழனியில் வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்த முருகன் காந்தத்தையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் விழும்.

"முருகன் வுளுந்தா வாங்க வேண்டாமுங் மாமா" என்று பஸ்ஸில் வரும்போதே தெய்வானை சொல்லிவைத்தாள்.

சிக்கந்தர் பாய் எழுந்து வந்து வரவேற்றார். "வாங்கண்ணா, வாங்கக்கா. எதுக்குங்ணா வீணா இவ்வளவு தூரம்? பாக்கத்தான் பளபளன்னு இருக்குது. சேஸிஸு வளஞ்சு வாழப்பழமாட்டக் கெடக்குதுங்."

"இன்ஜினு இறுகி சீஸ் ஆயிருச்சுங்" என்றார் வெல்டிங் கடைக்காரர், யாரும் கேட்காமலே.

"ஆத்து வெள்ளத்துல வேற அடிச்சுட்டுப் போன வண்டிங்க" என்றாள் மயிலாத்தாள் டீயை நீட்டிக்கொண்டே.

"எந்த ஆத்துலீங்க?"

"அமராவதியிலதான்."

"அமராவதியில இந்த வருசம் தண்ணியே வரலீங்களே" என்றாள் தெய்வானை. மயிலாத்தாள் பாலைப் பார்க்கப் போய்விட்டாள்.

சென்னியப்பனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மரத்தைப் பார்த்து அல்ல, மரம் இருக்கட்டும். இதற்குமுன் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ஒரே ஆள் ஓட்டிய வண்டி, டாக்டர் ஓட்டிய வண்டி, கோயிலுக்கு மட்டும் போய்வந்த வண்டி என்றுதான் கேட்டிருக்கிறார். விற்கிறவனே குறை சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறார். இதில் என்னமோ இருக்கிறது என்று முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் வண்டியின் ஓரமாகக் கன்னத்தை வைத்து வெயில் எப்படி வழுக்கிப் போகிறதென்று நீளவாக்கில் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார், நல்ல கதவு, ஒரே சத்தம். டிக்கி விரிப்பைத் தூக்கித் துரு தேடினார், இல்லை. முருகனை வலது பக்கம் ஒட்டினார், ஒட்டியது. பின்பக்கம் ஒட்டினார், ஒட்டியது. இடது ஃபெண்டரில், வெள்ளைப் பட்டைக்கும் நம்பருக்கும் பக்கத்தில் வைத்தார், முருகன் வழுக்கி மண்ணில் விழுந்தார். விழுந்தது சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. கையால் ஃபெண்டரைத் துழாவிக்கொண்டே நின்றார். தெய்வானை குனிந்து எடுத்து, ஊதி, கண்ணில் ஒற்றி, ஒன்றும் பேசாமல் அவர் கையில் வைத்தாள். சிக்கந்தர் பாய் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடி இந்த ஒரு எடத்துலதான்" என்றார் சென்னியப்பன். பிறகு மண் மேடையில் கொஞ்சத்தைத் தள்ளச் சொல்லி, சாக்கு விரித்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். படுத்தால் எல்லாம் நேர்ப் பார்வை, நன்றாகவே தெரிந்தது. சேஸிஸில் வாழைப்பழமும் இல்லை ஒன்றும் இல்லை, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. உடைந்து பற்றவைத்த இடத்தில் புளியமரத்து வேர் சுற்றிச் சுற்றிப் போய் இறுக்கிப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு வேர்கூடக் கீழே இறங்கவில்லை. இத்தனை செம்மண், இத்தனை சாணி, இத்தனை தண்ணீர் அடியில் கிடக்க, அத்தனை வேரும் மண்ணைத் தொடாமல் சேஸிஸோடு முன்னாலிருந்து பின்னால் ஓடிப் பின் அச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

வெளியே வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். தண்டு பின்பக்கமாகச் சாய்ந்து, கிளைகளெல்லாம் வண்டியின் மேலாகப் பின்னால் படிந்திருந்தன. பொழுது சாயும்போது கூம்ப வேண்டிய புளியிலை பட்டப்பகலிலேயே கூம்பித் தொங்கியது.

"இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க பாய்."

"அதான் சீஸ் ஆயிருச்சுன்னு..."

"பரவால்லீங்க. பண்ணுங்க."

பேட்டரிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு ஒயரை மாட்டினார். ஒரே திருகலில் இன்ஜின் எழுந்தது. சென்னியப்பன் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்த அழுத்த, செங்கல்மேல் நின்ற வண்டி நடுங்க, கூம்பிக் கிடந்த இலைகள் நுனியிலிருந்து ஒவ்வொன்றாக விரிந்து, கிளை கிளையாக விரிந்து, மரம் முழுக்கப் பச்சையாக விரிந்து நின்றது. காலை எடுத்தார், கூம்பியது. அழுத்தினார், விரிந்தது. வீதி டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த நம்பர் ஞாபகம் வந்தது. "இந்த மரத்த எனக்குத் தெரியுமுங்க" என்றார். "முப்பது வருசம் பாத்திருக்கறேன். கெழக்கால வளைவுல தனியா ஒரு கெளைய ரோட்டுப் பக்கமா நீட்டிக்கிட்டு நிக்கும். வெட்டி வுடுவாங்க, மறுபடி நீட்டும். பஸ்ஸுக்கு ஆளு கை காட்டற மாதிரியே இருக்கும். அங்க ஸ்டாப் இல்லீங்களே, நா ஒரு நாளும் நிறுத்துனதில்லை." சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். "அத்தன வருசம் கை காட்டியிருக்குது பாய். ஒரு வண்டி நிக்கலை. இந்தப் பையன் வண்டி ஒண்ணுதான் நின்னுருக்குது, அதுல ஏறிக்கிச்சு. ஏறுனத நீங்க மறுபடி எறக்கி மண்ணு கொட்டி நிக்க வெச்சுட்டீங்க."

வெல்டிங் கடைக்காரர் எட்டிக் கிளையிலிருந்து தன் சோற்றுப் போசியைக் கழற்றிக்கொண்டார்.

"ஓட்டுறன்னு சொல்லி மறுபடி எங்கயாச்சும் முட்டிப்போட்டீங்கன்னா?" என்றார் சிக்கந்தர் பாய். ஆறேழு மாதமாகக் காலையில் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது அந்த மரத்தைத்தான். "முருகன் வுளுந்தத நீங்க பாக்கலீங்ணா. நான் பாத்தேன்."

சென்னியப்பன் மறைக்கவில்லை. "நேரா தெரியுதுங்க பாய். கீழதான் தெரியலை. தீபாவளி வரைக்கும்தான் எனக்கு ஸ்டீரிங்கு. ஒருக்கா, ஒரே ஒருக்கா, தடை இல்லாம ஓட்டிப்போடறேன். அதுக்கப்பறம் நீங்க ஆளுக்கு ஒரு நாள் ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். மத்த நேரமெல்லாம் இங்கயே நிறுத்திக்கலாம், நெழலு உங்களுக்குத்தான்."

வீதி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. குப்பண்ணன்தான் முதலில் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "குடுத்துருங்க பாய். நின்ன எடத்துல இது பூக்கப் போறதில்லை. ஆனா ஒண்ணு, எங்க உதுந்தாலும் காய் என்னுது."

"உங்குளுதுதானுங்க" என்றார் சென்னியப்பன். அப்படியாக விலை முடிந்தது.

மறுநாள் காலை மண்ணைத் தள்ளி, சக்கரம் மாட்டி, காற்றடித்து, மயிலாத்தாள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க, நசுக்கிக்கொண்டு வண்டி வீதியைவிட்டு இறங்கியது. மரம் போன இடத்தில் வெயில் பொத்தென்று வந்து உட்கார்ந்தது. எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

எந்தச் சாலைக்காக மரத்தை வெட்டினார்களோ அந்த நாலு வழிச் சாலை போட்டு முடித்து, கோடெல்லாம் இழுத்து, மந்திரி தேதி கொடுக்காததால் திறக்காமல் கிடந்தது. அதுவரை ஊர்க்காரர்கள் அதன் ஒரு பக்கம் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் துடைத்துவிட்டது போலக் காலி. காலை வெயிலில் ஆளில்லாத அந்த ரோட்டில் மேல்மூடியை மடக்கிவிட்டு சென்னியப்பன் வண்டியை ஏற்றினார். பின்னால் குப்பண்ணனின் மொபெட் வந்துகொண்டிருந்தது.

தெய்வானை பிடிக்கக் கம்பி தேடினாள். அந்த வண்டியில் கம்பி இல்லை.

"மீட்டரு எனக்குத் தெரியாது புள்ள. குனிஞ்சா ரோடு போயிரும். நீதான் பாத்துச் சொல்லோணும்."

"சொல்றனுங் மாமா."

மரம் விரிந்தது. காற்று கிளைகளுக்குள் புகுந்து சளசளவென்று ஓட ஆரம்பித்தது. மொபெட் சத்தம் கேட்காமல் போயிற்று.

"எத்தன?"

தெய்வானை முள்ளைப் பார்த்தாள். அறுபதுக்கு ஒரு முடி கீழே நின்றது. புருஷனின் காலைப் பார்த்தாள். செருப்புக்குள் கட்டைவிரல் எழும்பத் தயாராக இருந்தது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் பொய் சொன்னதில்லை, சொல்ல வேண்டி வந்ததுமில்லை.

"நாப்பதுங் மாமா."

கால் அழுந்தியது. முள் அறுபதைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது, ரோட்டின் வெள்ளைக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"இப்ப?"

"நாப்பத்தஞ்சு."

கிழக்கால வளைவு வந்தது. மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு மைல்கல் இருந்தது. மரம் அங்கே ஒரு நொடி தயங்கும், வண்டி தானாக நிற்கும் என்றெல்லாம் வீதியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வளைவைத் தாண்டிய இடத்தில்தான் முதல் பூ விழுந்தது. மஞ்சளில் செவ்வரி ஓடிய குட்டிப் பூ, தெய்வானையின் மடியில். அப்புறம் ஒரு பிடி, அப்புறம் கிளையெல்லாம் பொங்கிப் பூத்து, காற்று அதை அள்ளி அள்ளி அவர்கள் தலையிலும் தோளிலும், பின்னால் நெடுகக் காலி ரோட்டிலும் கொட்டிக்கொண்டே வந்தது. முள் நூற்று நாற்பதில் நடுங்கிக்கொண்டிருந்தது. தெய்வானையின் இரண்டு கைகளும் எதையும் பிடிக்காமல் மடியில் பூவுக்குள் கிடந்தன, கண்கள் திறந்திருந்தன.

முப்பது வருஷம் ஓட்டியவருக்கு டயர் சத்தம் போதும், வேகம் தெரியாமலா இருக்கும். ஆனால் அந்தக் கால் அவளை நம்பியது. அவர் சிரித்துக்கொண்டே, கண்ணீரைத் துடைக்காமல், ரோட்டை மட்டும் நேராகப் பார்த்தபடி கத்தினார்.

"எத்தன புள்ள?"

"அம்பத்தஞ்சுதானுங் மாமா" என்று தெய்வானையும் கத்தினாள். "இன்னும் அஞ்சு இருக்குதுங், அழுத்துங்."